துலியோடு தனியாக இருக்க மாட்டேன்

பாபுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம் என்று தொடங்கத்தான் கை போனது. அப்பா நலம். என்னைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். டாக்குரியாவில் இருக்கிற அம்மா அதே ஊரில் நியூ டவுனில் இருக்கிற பிள்ளைக்குத் தபால் எழுதுகிறாள் என்று உன் ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள். போனில் பேசலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே நீ "அதெல்லாம் ஒண்ணுமில்ல மா" என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். நேரில் வந்தால் மிதாலியின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துப்போகும். எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. அப்பா லேக் பக்கம் நடக்கப் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்திருந்தபோது, மிதாலிக்குச் சம்பளமில்லாத லீவும் சேர்த்து இந்த மாதத்தோடு முடிகிறது, அடுத்த மாதத்திலிருந்து நீ வந்து உன் பேத்தி துலியைப் பார்த்துக்கொள் என்றாய். "ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் வளர்த்த ஆளு நீ. நீ இருக்கும்போது டேகேர் எதுக்கு மா?" என்று சிரித்தாய். மிதாலி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மா, நீங்க இருந்தா நான் ஆபீஸ்ல நிம்மதியா இருப்பேன்" என்று தன் அரைகுறைத் தமிழில் சொன்னாள். அப்பா பெருமையாகத் தலையை ஆட்டினார். "அதுக்கென்ன, வாரேன்" என்று நானும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன், பாபு. என்னால் முடியாது. துலியை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. சாதாரணப் பயம் இல்லை.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். அம்மாவுக்கு முட்டுவலி, லிஃப்ட் ஆகாது, மருமகளோடு ஏதோ மனத்தாங்கல், அதனால் சாக்குச் சொல்கிறாள் என்று நினைப்பாய். அதெல்லாம் இல்லை. மிதாலியைப் போல ஒரு பெண் நமக்கு வாய்த்ததற்கு நான் சாமியைத்தான் கும்பிட வேண்டும். துலியின் மேல் எனக்கு இருக்கிற ஆசையை எழுதினால் காகிதம் போதாது. ஆசை இருப்பதால்தான் பயம். காரணத்தை எடுத்த எடுப்பிலேயே சொன்னால் நீ நம்ப மாட்டாய், அல்லது என்னைச் சமாதானப்படுத்தக் கிளம்பிவிடுவாய். அதனால் க்ரெஷ்ஷில் நாங்கள் எப்படி வேலை செய்தோம் என்பதிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதானே என்று தாண்டிப் போய்விடாதே.

அப்பாவுக்குக் கப்பல் துறை ஆபீசில் மாற்றலாகி நாம் தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. முதல் வருஷம் டாலிகஞ்சில் வாடகைக்கு இருந்தோம், பிறகு டாக்குரியா. எனக்கு பெங்காலி ஒரு வார்த்தை தெரியாது. மீன்காரனிடம் விரலைக் காட்டித்தான் பேசுவேன். பாஷை வந்த பிறகு, நம் தெரு மகளிர் சமிதியில் இருந்தவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள மத்திய அரசு மானியம் தருகிறது, சமிதி அதை வாங்கி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு க்ரெஷ் நடத்தப் போகிறது, படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். படித்த பெங்காலிப் பெண்கள் யாரும் அந்தச் சம்பளத்துக்கு வர மாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. சம்பளம் என்று சொன்னது என் தப்பு. அரசாங்கத்தில் அதற்குப் பெயர் மதிப்பூதியம். சம்பளம் என்றால் அது வேலை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. வேலை என்று ஒப்புக்கொண்டால் லீவு, பி.எஃப்., பென்ஷன் என்று வால் நீண்டுகொண்டே போகும். பிள்ளை பார்ப்பது பெண்களுக்குப் பிறவியிலேயே வருவது, அதற்கு ஏதோ கொஞ்சம் கையில் கொடுத்தால் போதும் என்று எந்த மகானுபாவர் முடிவு செய்தாரோ தெரியாது.

அங்கே வந்த குழந்தைகளின் அம்மாக்கள் காலை லோக்கலில் கேனிங் பக்கமிருந்து வந்து, நம் பக்கத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து, சமைத்து, துணி துவைத்துவிட்டுச் சாயங்கால லோக்கலில் திரும்புகிறவர்கள். ரயிலிலிருந்து இறங்கியதும் குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள், திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. இரண்டு அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் ஒரு கழிப்பறை. எதிரே ரோடு, ரோட்டுக்கு அப்பால் ரயில் பாதை. இத்தனை குழந்தைகளுக்கு இரண்டு பேர் என்பது விதி. பிள்ளைகளுக்கு நான் திதிமணி, டீச்சரக்கா; எனக்கு உதவியாக இருந்த காஜல் அவர்களுக்கு மாஷி, சித்தி. காஜலை உனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதானே வருவாய். அவள் வாயில் எப்போதும் குல் என்கிற புகையிலைப் பொடி, அதற்கு மேல் வசவு. பால்காரன் தண்ணீர் கலந்தால் அவன் பரம்பரையையே இழுத்துவிடுவாள். பொய் சொல்லுவாள், பிஸ்கட் பாக்கெட்டை முந்தானையில் முடிந்துகொள்வாள், நான் கேட்டால் "எலி தின்னுருச்சு திதி" என்பாள். எனக்கும் அவளுக்கும் சண்டை இல்லாத நாள் குறைவு. ஆனால் குழந்தை விஷயத்தில் அவளை நம்பலாம்.

தொடங்கிய புதிதில் ஒரு நாள் ஒரு பையன் காணாமல் போய்விட்டான். அப்போதுதான் நடக்கக் கற்றவன். அவள் பார்த்துக்கொள்கிறாள் என்று நான் கிச்சடி இறக்கப் போனேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் துணி காயப்போடப் போனாள். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து ரயில் வேறு போகிறது. நான் செருப்பில்லாமல் தண்டவாளத்தின் பக்கம் ஓடினேன். என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியாது. பையன் மூலை டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். அழுது முடித்ததும் காஜல்தான் சொன்னாள்: "இனிமே வாயால சொல்லணும் திதி. மனசுல நெனச்சா ஆகாது."

அன்றைக்கு ஏற்பட்டதுதான் அந்த வழக்கம். யார் குழந்தைகளுக்கு முதுகைக் காட்டினாலும், ஒரு நிமிஷத்துக்கானாலும், "தொரோ" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிடி என்று அர்த்தம். அடுத்தவள் "தொரேச்சி", பிடித்துக்கொண்டேன், என்று பதில் சொல்ல வேண்டும். பதில் காதில் விழாமல் காலை எடுத்து வைக்கக்கூடாது. சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பி வைத்திருக்கிற நாளில்கூட இது மட்டும் தவறாது. நம் வீட்டுக்குள்ளேயும் அது நுழைந்துவிட்டது, நினைவிருக்கிறதா? பூஜைக் கூட்டத்தில் பந்தல் பந்தலாகப் போகும்போது உன் கையை அப்பாவிடம் மாற்றிவிடுவதற்கு "தொரோ" என்பேன். அவர் பதில் சொல்லாமல் நான் விட மாட்டேன். "ஆமாட்டி, தொரேச்சி, தொரேச்சி, விடு" என்று திருநெல்வேலி ராகத்தில் சலித்துக்கொள்வார். பக்கத்தில் இருக்கிற பெங்காலிகள் திரும்பிப் பார்ப்பார்கள். உனக்கு வெட்கமாக இருக்கும்.

நீ பத்தாம் வகுப்பு படித்த வருஷம் மானியம் வரவில்லை. எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. சமிதிக்காரர்கள் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார்கள். வரும் வரும் என்றார்கள், மாதக்கணக்கில் வரவில்லை. கைப்பணத்தைப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, பணம் வரும்வரை ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று காஜலை நிறுத்தினார்கள். இரண்டு பேர் வேண்டும் என்ற விதி மட்டும் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. மூடிவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மூடினால் அந்த அம்மாக்கள் கைக்குழந்தையை எங்கே போடுவார்கள்? ஒரு நாள் லீவு கேட்டாலே வேறு ஆள் பார்த்துவிடுகிற வீடுகள். அதனால் நான் ஒருத்தியாக நின்றேன். அது தைரியம் என்று நினைத்துவிடாதே. காலையில் பூட்டைத் திறக்கும்போதே பயமாக இருக்கும். வாசலில் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் பெஞ்சைப் போட்டு வைத்திருந்தேன். ரயில் சத்தம் கேட்டால் உடனே தலைகளை எண்ணுவேன். இன்றைக்கும் கல்யாண வீட்டுக்குப் போனால் விளையாடுகிற பிள்ளைகளை என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருப்பேன், நீ கேலி செய்வாய்.

"தொரோ" என்று கூப்பிட ஆள் இல்லை, அதனால் முதுகைக் காட்டவும் முடியாது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் எப்படிப் போவது? போகாமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். காலை காபிக்குப் பிறகு சாயங்காலம் வரை ஒரு மடக்குக் கிடையாது. சித்திரை வெயிலில் அப்படி இருந்து, நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா நினைத்தார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நீ எழுந்து வந்து பார்லி கஞ்சி வைத்துக் கொடுத்தாய், அடிப்பிடித்த கஞ்சி. அதற்குப் பிறகுதான் காஜலுக்கு விஷயம் தெரிந்தது. அவள் அப்போது லேக்குக்கு அந்தப் பக்கம் இரண்டு வீடுகளில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவில் ஓடி வந்து, காய்கறிப் பையோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளேகூட வர மாட்டாள், வந்தால் பிள்ளைகள் விட மாட்டார்கள். "போ திதி, நான் பிடிச்சிக்கிட்டேன். நீ செத்துப்போனா இவனுங்கள நானா கட்டிக்கிட்டு அழுவேன்?" என்று கத்துவாள். நான் ஓடிப்போய்விட்டு ஓடி வருவேன். மானியம் திரும்ப வந்து அவளை மறுபடி சேர்த்துக்கொள்ளும்வரை என் உடம்பு ஓடியது அந்த ஜன்னலால்தான்.

இதையெல்லாம் சொல்வது அவள் குரல் எனக்குள் எவ்வளவு ஆழத்தில் போயிருக்கிறது என்று நீ புரிந்துகொள்வதற்காக. நீ வேலையில் சேர்ந்த வருஷம் அவள் இறந்துபோனாள். நெஞ்சுச் சளி, இருமல், கடைசிவரை வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். வராத நாளுக்கு மதிப்பூதியத்தில் மதிப்பும் கிடையாது, ஊதியமும் கிடையாது. நீதான் என்னைக் கேனிங் லோக்கலில் அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். நானே அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவள் இல்லை என்பது எனக்குத் தெரியும், பாபு. உனக்குத் தெரிகிற அளவுக்கு எனக்கும் தெரியும். அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படி.

போன மாதம் ஒரு நாள் மிதாலி லீவு விஷயமாக ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது, என்னை வரச் சொன்னீர்கள். நீயும் போய்விட்டாய். நானும் துலியும் மட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பெரிய கட்டிலில் போட்டு, பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். அவள்தான் இப்போது புரண்டு புரண்டு கட்டில் முழுக்கப் போகிறாளே. அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. நான் "தொரோ" என்றேன். பழக்கதோஷத்தில் வாயில் வந்தது, அதில் ஒன்றும் இல்லை. பதில் வந்தது. கதவுக்குப் பக்கத்திலிருந்து, குல் பொடி அடக்கிய வாயோடு, "தொரேச்சி. போ திதி" என்று தெளிவாகக் கேட்டது. எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. காஜல் பிடித்துக்கொண்டாள் என்று நான் பாட்டுக்கு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அவசரமாகக்கூடப் போகவில்லை. பாலை இறக்கினேன், மேடையைத் துடைத்தேன், பாட்டிலைக் கழுவினேன். ஜன்னல் வழியாக எதிரே கட்டிக்கொண்டிருக்கிற மாடிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு, உருளைக்கிழங்கு விலையைப் பற்றி அவளிடம் பெங்காலியில் பேசிக்கொண்டுகூட இருந்தேன். பதில் வராததால் திரும்பி வந்தேன். துலி கட்டில் ஓரத்தில் இருந்தாள். ஒரு காலும் பாதி உடம்பும் வெளியே தொங்க, கையில் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கீழே மொசைக் தரை. பாய்ந்து பிடித்துவிட்டேன். அவளுக்கு ஒரு கீறல் இல்லை, அதைப் பற்றிப் பயப்படாதே. பயப்பட வேண்டியது இனிமேல் நான் சொல்லப் போவதற்கு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கதவுக்குப் பின்னால் தேடினேன். பாத்ரூமில் தேடினேன். "எங்கடி போனே? பிள்ளைய விட்டுட்டு எங்க போய்த் தொலஞ்சே?" என்று சத்தம் போட்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பால்கனிவரை போய்ப் பார்த்து, வெயில் முகத்தில் அடித்தபோதுதான், காஜல் செத்துப்போய்விட்டாளே என்பது மனசுக்கு வந்தது. அப்படியே துலியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மிதாலி வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, அவளைக் கையிலிருந்து கீழே விடவில்லை. மிதாலி, "பாட்டி மடியை விட்டு இறங்கலியா நீ?" என்று துலியைக் கொஞ்சினாள். நானும் சிரித்தேன்.

ஒரு தடவைதானே, அசதியாக இருந்திருக்கும் என்று சொல்ல வருகிறாய். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் சரி என்று சொன்னதும் அந்தத் தைரியத்தில்தான். பிறகு புதன்கிழமை, அப்பாவிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டு, உங்கள் பக்கம் இருக்கிற டேகேர்களைப் பார்த்து வரக் கிளம்பினேன். இரண்டு இடம் பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறினேன், இறங்கினேன், நடந்தேன், ஒரு வீட்டு வாசலில் நின்று பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கதவைத் திறந்து, "யார் வேணும் மாஷிமா?" என்றாள். அது டாலிகஞ்சில் நாம் முதல் வருஷம் குடியிருந்த வீடு. அங்கே எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. ஸ்டேஷன் எங்கே என்று கேட்டுவிட்டு ஏதோ சமாளித்துத் திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "என்னட்டி, வெறுங்கையா வார? கடைல ஒண்ணும் வாங்கலியா?" என்றார். கூட்டமாக இருந்தது என்றேன். அவரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. உனக்கு முதலில் சொல்வதற்குக் காரணம் துலி.

இப்போது அந்த டேகேர்களைப் பற்றி. முதல் இடம் பளபளவென்று இருந்தது. ஏ.சி., சுவர் முழுக்கப் பொம்மை, டி.வி.யில் கார்ட்டூன். உனக்கும் மிதாலிக்கும் பார்த்ததும் பிடித்துவிடும். ஆனால் அத்தனை குழந்தைகளுக்கும் ஒரே ஒரு பெண், காலேஜ் முடித்த வயசு. நான் அவளிடம், "பாத்ரூம் போகணும்னா என்னம்மா செய்வே?" என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோல் சிரித்தாள். பிறகு முகம் மாறி, "காலைல இருந்து தண்ணி குடிக்கறதில்ல ஆன்ட்டி" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அங்கே சேர்க்காதே. இரண்டாவது இடம் உங்கள் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். பெயின்ட் உரிந்திருக்கிறது, பொம்மைகளும் பழசு. ஆனால் இரண்டு பெண்கள் எப்போதும் இருக்கிறார்கள், சமைக்க மூன்றாவதாக ஒருத்தி. ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி நிமிர்ந்து பார்க்கிறாள். நான் ஒரு மணி நேரம் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து அதை மட்டும்தான் பார்த்தேன். அங்கே போய்ப் பேசுங்கள். அந்தப் பெண்களுக்கு மாசம் பிறந்ததும் சம்பளம் வருகிறதா என்று கேள். ஓனரிடம் கேட்காதே, அவர்களிடமே கேள். பணம் நின்றால் ஆள் போய்விடும், ஆள் போய்விட்டால் மிச்சம் இருக்கிற ஒருத்தி தலையில் எல்லாம் விழும். எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் இதுதான்.

நீங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிற ஆபீசைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அங்கே டேபிள் டென்னிஸ் ஆட அறை இருக்கிறது, வியர்க்க வியர்க்க ஓடுவதற்கு மெஷின் இருக்கிறது என்று பெருமையாகக் காட்டினாய். அத்தனை பெண்கள் வேலை செய்கிற இடத்தில் குழந்தையைப் போட ஒரு அறை கிடையாதா? ஏழைகளின் குழந்தைகளுக்கு அரசாங்கம் வந்தும் வராமலும் ஒரு மானியம் கொடுத்தது. உங்களுக்கு அதுவும் கிடையாது, ஆளுக்கொரு அம்மாதான் மானியம். அம்மாவுக்கு மதிப்பூதியமும் வேண்டாம் பார். அந்த அம்மாவுக்கு மூளை தடுமாறினால் என்ன செய்வீர்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால்தான் நடக்கும். மிதாலி ஒருத்தியாகக் கேட்கும்படி விடாதே, ஆம்பிளைகளும் கேளுங்கள்.

டாக்டரிடம் போக வேண்டும் என்று எனக்கே தெரிகிறது. நீ கூட வா, தனியாகப் போக மாட்டேன். அவர் என்ன பெயர் சொல்வாரோ தெரியவில்லை. மருந்து மாத்திரைக்குப் பயமில்லை. இத்தனை வருஷம் அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட எனக்கு இனிமேல் ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்குமோ என்று பயம். அப்பாவை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ, பெங்காலி மறந்துவிடுமோ, இந்த ஊரில் வழி கேட்கக்கூட வாய் இல்லாமல் நிற்பேனோ என்று என்னென்னவோ தோன்றுகிறது. இன்னொன்றும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காஜல் குரல் மறுபடி கேட்காதா என்று சில சமயம் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

இதை எழுதத் தயங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. மிதாலியிடம் இதை நீ காட்டத்தான் வேண்டும். காட்டினால் துலியை என் கையில் கொடுக்க அவளுக்கு மனசு வராமல் போகலாம். பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை துலியை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தூக்கிக்கொண்டு வாருங்கள். என் மடியில் வையுங்கள். வைத்துவிட்டு யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்காருங்கள். டீ போடவோ போன் பேசவோ இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்துவிடாதீர்கள். எய்யா, இன்னும் கொஞ்ச நாள் போனால் நான் இந்தக் கடிதம் எழுதியதையே மறந்துவிடலாம். "பிள்ளை வளர்க்க எனக்குத் தெரியாதா? என்னையே வேவு பார்க்கியா? எழுந்து போ வெளியே" என்று உன்னைப் பார்த்துக் கத்தலாம். அன்றைக்கு என் முகத்தில் கொஞ்சமும் சந்தேகம் இருக்காது, நான் சொல்வது உனக்கு நியாயமாகக்கூடப் படும். நீ எழுந்து போகாதே.

அம்மா